காட்டுயிர்ப் பாதுகாப்பு ஒளிப்படத் துறைக்கு வருவோருக்கு: அனுமதி, செலவு, காலக்கணக்கு

காட்டுயிர்ப் பாதுகாப்புக்காகப் படமெடுப்பதைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர் முதலில் கேட்பது பெரும்பாலும் எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதைத்தான். அலைந்து திரிந்து கற்றுக்கொண்டதை வைத்துச் சொல்வதானால், அந்தக் கேள்விக்கு உரிய இடம் நான்காவது படி. அதற்கு முன்பு எந்தச் சிக்கலைப் படமெடுக்கப் போகிறீர்கள், யாருடன் சேர்ந்து, யாருடைய அனுமதியோடு, யார் பணத்தில் என்ற கேள்விகளுக்கு விடை எழுதியாக வேண்டும். ஒரு காட்டையோ ஓர் உயிரினத்தையோ பற்றி முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவரின் மேசைக்குப் படம் போய்ச் சேர்ந்தால்தான் இத்துறையில் வேலை முடிந்ததாகக் கணக்கு. கீழ்வரும் படிகளை அந்த இலக்கை மனத்தில் வைத்தே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. விலங்கை விடச் சிக்கலைத் தேர்ந்தெடுங்கள்

"யானைகள்" என்பது திட்டத்துக்குத் தலைப்பாகாது. "யானைகள் காலங்காலமாக நடந்துவந்த பாதையை மறித்து நிற்கும் மின்வேலியை எங்கே திறந்துவிடலாம்" என்பது தலைப்பு. இப்படி எழுதியவுடன் முடிவெடுப்பவர் யார், அவர் எந்த மாதத்தில் முடிவெடுக்கப் போகிறார், அவர் கண்ணில் இதுவரை படாதது எது என்ற மூன்றும் தெளிவாகத் தெரிந்துவிடும். அந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, அதன் கீழே உங்களுக்கு வேண்டிய படங்களைப் பட்டியலிடுங்கள். அந்தப் பட்டியலில் விலங்கின் படங்கள் பாதிக்கு மேல் இருந்தால் மறுபடி யோசியுங்கள். வேலி போட்டவர், பயிரை இழந்த விவசாயி, இரவுக் காவலர், அளவெடுக்கும் ஆய்வாளர் ஆகியோர் இல்லாத கதை முடிவெடுப்பவருக்குப் பயன்படாது.

அடுத்து, அந்தச் சிக்கலைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வரும் ஒருவரைத் தேடுங்கள். 1999இல் மைக்கேல் ஃபே என்ற உயிரியலாளர் மத்திய ஆப்பிரிக்கக் காடுகளின் குறுக்கே ஓராண்டுக்கும் மேல் நடந்து விலங்குத் தடங்களையும் மனிதத் தடங்களையும் பதிவு செய்தார். மைக்கேல் நிக்கல்ஸ் அந்தப் பயணத்தைப் படமெடுத்தார். அந்தப் பதிவுகளும் படங்களும் காபோன் நாட்டு அதிபரின் பார்வைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 2002இல் அந்நாடு 13 தேசியப் பூங்காக்களை அறிவித்தது. கணக்கும் காட்சியும் ஒரே களத்திலிருந்து வந்ததுதான் அதன் வலிமை என்று நினைக்கிறேன்.

ஆய்வாளருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அவருடைய ஆய்வில் எந்தப் பகுதிக்குப் படம் தேவைப்படும் என்று நீங்கள் கருதுகிறீர்கள், அவர் தம் உரைகளிலும் கட்டுரைகளிலும் அப்படங்களைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாமா, களத்தில் உங்கள் செலவை யார் ஏற்பது என்ற மூன்றையும் அதில் சொல்லிவிடுங்கள். ஆய்வு முடிவுகள் ஆய்விதழில் வெளியாகும் முன் அதே விவரத்தோடு உங்கள் படம் வெளிவந்தால் ஆய்வாளருக்குச் சங்கடம் நேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். எந்தத் தேதி வரை எந்தப் படங்களை வெளியிடுவதில்லை என்பதை முதல் வாரத்திலேயே இருவரும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

2. அனுமதிக் காகிதங்கள்: ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்

பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் சுற்றுலாப் பயணியாக நுழைவதற்கான சீட்டும் தொழில்முறையில் படமெடுப்பதற்கான அனுமதியும் வெவ்வேறு. பல நாடுகளில் அவற்றைத் தரும் அலுவலகங்களும் வேறு, கட்டணமும் வேறு. குறித்த நேரம், குறித்த பாதை, வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு ஆகியவற்றுக்குள் உங்கள் வேலை அடங்கிவிட்டாலும், எடுத்த படத்தை விற்கலாமா என்பதை விதிகளில் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் தங்குதல், நடந்து செல்லுதல், மறைவிடம் அமைத்தல், விலங்கு குறுக்கே வந்தால் தானே படமெடுக்கும் தானியங்கிக் கேமராவைக் கட்டுதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தேவைப்பட்டாலும் தனி அனுமதி இல்லாமல் முடியாது என்றே எண்ணித் தொடங்குங்கள்.

விண்ணப்பத்தோடு பொதுவாகக் கேட்கப்படுபவை: இரண்டு பக்கத் திட்ட விளக்கம், அடையாளச் சான்று, ஆய்வு நிறுவனமோ வெளியீட்டாளரோ தந்த ஆதரவுக் கடிதம், வரிசை எண்களுடன் கருவிப் பட்டியல், உடன் வருவோரின் விவரம், காப்பீட்டுச் சான்று, விதிகளை மீற மாட்டேன் என்ற உறுதிமொழி. இவற்றுள் தாமதமாவது எப்போதும் ஆதரவுக் கடிதம்தான். அதைக் கையில் வாங்கிய பிறகே மற்றவற்றுக்குத் தேதி போடுங்கள்; இல்லாவிட்டால் உறுதிமொழியின் தேதியும் கடிதத்தின் தேதியும் பொருந்தாமல் கோப்பு திரும்பி வரும்.

அனுமதி கைக்கு வந்தவுடன் அதை வரி வரியாகப் படியுங்கள். பலர் இடறுவது இங்கேதான். காலக்கெடு நீங்கள் காட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து தொடங்குகிறதா, கடிதத்தில் கையெழுத்தான நாளிலிருந்தா என்று பாருங்கள். இரவு, தானியங்கிக் கேமரா, ட்ரோன் ஆகிய சொற்கள் தனித்தனியாக இடம்பெற்றிருக்கின்றனவா என்று பாருங்கள். "படமெடுக்கலாம்" என்ற பொதுச்சொல்லை வாயிற்காவலர் தம் விருப்பப்படி பொருள்கொள்ள நேரும். எடுத்த படங்களின் பிரதியைத் துறைக்குத் தர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், எந்தப் பயன்பாட்டுக்கு என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தலைமை அலுவலகம் தந்த அனுமதி களத்தில் இருக்கும் சரக அலுவலரின் பார்வைக்குப் போகாமல் இருப்பதும் உண்டு. ஆகவே புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே அவருக்கு ஒரு பிரதியை அனுப்பித் தொலைபேசியில் பேசிவிடுங்கள். கையில் மூன்று அச்சுப் பிரதிகளாவது இருக்கட்டும்.

ட்ரோனுக்குக் காட்டு நிர்வாகத்தின் அனுமதி ஒன்று, வான்வழி ஆணையத்தின் பதிவு மற்றொன்று. ஒன்று இருந்தால் போதும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் ட்ரோன் பறக்கவிடுவது பொதுவாகத் தடைசெய்யப்பட்டிருக்கிறது. பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதுதான் சரி என்பது என் கருத்து.

வேறு நாட்டுக்குப் போவதானால் இன்னொரு கட்டுக் காகிதம் சேரும். சுற்றுலா விசாவில் தொழில்முறைப் படமெடுப்பு பல நாடுகளில் செல்லாது. பத்திரிகையாளர் விசாவா வேலை விசாவா என்பதைத் தூதரகத்திடம் எழுதிக் கேளுங்கள். விலையுயர்ந்த கருவிகளைத் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர ஏடிஏ கார்னெட் என்ற சுங்க ஆவணம் உதவும். அதிகபட்சம் ஓராண்டு செல்லும். பிணைத்தொகை கட்ட வேண்டியிருக்கும் என்பதால் அந்தப் பணம் சில மாதங்கள் முடங்கும் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எல்லையிலும், திரும்பும்போதும்கூட, அதில் முத்திரை விழுந்ததா என்று பார்க்காமல் நகராதீர்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் செல்லும். காட்டில் கிடந்த எலும்பு, பல், இறகு எதையும் நினைவுக்காக எடுத்து வர வேண்டாம். பல உயிரினங்களின் உடற்பகுதிகள் எல்லை தாண்டுவதைச் சைட்டிஸ் உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது.

மனிதர்களைப் படமெடுக்கவும் ஒப்புதல் வேண்டும். அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதிய ஒப்புதல் படிவம் தயாராக இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சாட்சியின் முன் படித்துக் காட்டி ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். சிறுவர்களுக்குப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். வேட்டைக் குற்றத்தில் பிடிபட்டவர் நீதிமன்றத்தில் இன்னும் குற்றவாளி ஆகவில்லை என்பதால் அவர் முகத்தைக் காட்டாதீர்கள்.

3. பணம்: நாட்களைக் கணக்கிடுங்கள்

புதியவர்களின் வரவுசெலவுக் கணக்கில் கேமராவின் விலை துல்லியமாக இருக்கும். காட்டில் ஒரு நாள் இருக்க என்ன செலவாகும் என்பது இருக்காது. நாட்கட்டணம், வழிகாட்டியின் கூலி, உடன் வரும் காவலரின் படி, வாகனம், எரிபொருள், தங்குமிடம், உணவு ஆகியவற்றைக் கூட்டி ஒரு நாள் செலவைக் கண்டுபிடியுங்கள். பிறகு விலங்கு தென்படாத நாட்களும் செலவுள்ள நாட்களே என்பதை ஒப்புக்கொண்டு பெருக்குங்கள். மழை, சாலை அடைப்பு, அனுமதித் தாமதம் ஆகியவற்றுக்காக நான்கில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்குங்கள். இருக்கும் பணத்துக்குக் கருவியைக் குறைத்து நாட்களைக் கூட்டுவதே நல்லது.

வருமானம் ஒரே வழியில் வராது. பாதுகாப்பு அமைப்புகளுக்கான ஒப்பந்த வேலை, இதழ்களுக்கான படத்தொகுப்பு, நல்கை (திட்டத்துக்குக் கிடைக்கும் நிதியுதவி), பயிலரங்கு, உரை, அச்சுப்படம், பழைய படங்களின் உரிமக் கட்டணம் என்று பலவற்றைச் சேர்த்துத்தான் ஓர் ஆண்டு ஓடும். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்க நினைப்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, ஓராண்டுக் குடும்பச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளாமல் இறங்க வேண்டாம் என்பதே. தட்டுப்பாட்டில் இருப்பவர் மோசமான ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். அதைவிட மோசமாக, படம் கிடைக்க வேண்டும் என்ற அவசரத்தில் விலங்கை நெருங்குகிறார்.

நல்கைக்கு விண்ணப்பிப்பவர்கள் காலக்கணக்கில்தான் தவறுகிறார்கள். முடிவு தெரியவே பல மாதங்கள் ஆகும். பணம் தவணைகளாக வரும். கடைசித் தவணை பெரும்பாலும் அறிக்கை கொடுத்த பிறகுதான். ஆகவே அடுத்த மாதம் தொடங்கும் பருவத்துக்காக விண்ணப்பிப்பதில் பொருளில்லை. அடுத்த ஆண்டின் அதே பருவத்தைக் குறிவையுங்கள். உங்கள் நேரத்துக்கான ஊதியத்தைக் கணக்கில் காட்ட நல்கை விதிகள் இடம் தருகின்றனவா என்றும் பாருங்கள்.

காப்பீட்டில் இரண்டு பிரிவுகள் வேண்டும். கருவிக் காப்பீடு எடுக்கும்போது ஆளில்லாத வாகனத்திலிருந்து திருடு போனால் இழப்பீடு உண்டா, காட்டில் விட்டுவைத்த தானியங்கிக் கேமராவுக்குச் செல்லுமா என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். உடல்நலக் காப்பீட்டில், மருத்துவமனை வரை கொண்டுசெல்லும் அவசர மீட்புச் செலவும் அடங்கியிருக்க வேண்டும்.

4. கருவிகள்

சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் திட்டத்துக்கு நீண்ட லென்ஸை வாடகைக்கு எடுங்கள். சொந்தமாக ஓர் அகலக்கோண லென்ஸும், மனிதர்களைப் படமெடுக்க ஏற்ற நடுத்தர லென்ஸும், இரண்டு கேமரா உடல்களும் இருக்கட்டும். ஒன்று பழையதாக இருந்தாலும் குற்றமில்லை. வாழிடத்தோடு சேர்ந்து விலங்கு தெரியும் படம்தான் பாதுகாப்புப் பணியில் அதிகம் பயன்படுகிறது, அதற்கு மிக நீண்ட லென்ஸ் உதவாது.

உதிரி பேட்டரிகளை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுசெல்ல வேண்டும். 100 வாட்-மணி வரை பொதுவாகத் தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு மட்டும். படங்களுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறோர் இடத்தில் என்ற வழக்கத்தை முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள். ஹார்டு டிஸ்குகள் இரண்டையும் ஒரே பையில் வைத்தால் அவை இரண்டாகக் கணக்கில் வராது.

5. களத்தில்

பருவத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் உள்ளூர்க் காவலர்களிடமும் வழிகாட்டிகளிடமும் கேளுங்கள். எந்த ஓடை எப்போது வற்றும், அதன்பின் விலங்குகள் எந்தக் குட்டைக்கு வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பெயரைப் படக்குறிப்பில் குறிப்பிடுவதும் உரிய கூலியைத் தாமதமின்றித் தருவதும் உங்கள் கடமை.

தானியங்கிக் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மனித நடமாட்டத்தை விரும்பாத விலங்குகளுக்கு அதுவே வழி. அதன் உணரி, சுற்றுப்புறத்தின் வெப்பத்திலிருந்து வேறுபட்ட வெப்பமுள்ள ஏதேனும் ஒன்று குறுக்கே நகர்ந்தால் விழித்துக்கொள்ளும். நடுப்பகல் வெயிலில் சூடேறிய ஒரு புல் தாள் காற்றில் ஆடினாலும் அதற்கு அது விலங்குதான்; மெமரி கார்டு முழுவதும் புல்லாகவே நிறைந்திருக்கும். எனவே உணரிக்கு முன்னால் கைவீச்சு தூரத்துக்குப் புல்லை ஒதுக்கிவிடுங்கள். வேரோடு பிடுங்க வேண்டாம், மடித்துவிட்டாலே போதும். காலை வெயிலும் மாலை வெயிலும் நேராக விழாதபடி வடக்கு அல்லது தெற்கு நோக்கி வையுங்கள். விலங்கின் தோள் உயரத்தில் கட்டுங்கள். பாதையில் நீங்களே கைகளை ஊன்றித் தவழ்ந்து பார்த்து, எந்த இடத்தில் கேமரா விழித்துக்கொள்கிறது என்று சோதித்த பிறகே கிளம்புங்கள். மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றை உறைக்குள் வைக்க மறக்காதீர்கள். ஒவ்வொரு கேமராவிலும் அனுமதி எண்ணும் தொடர்பு எண்ணும் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கட்டும். வேட்டைக்காரர் வைத்தது என்று காவலர்கள் கழற்றிக்கொண்டு போகாமல் இருக்க அது உதவும்.

எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து மலையில் வாழ்ந்த பி-22 என்று பெயரிடப்பட்ட பூமாவை (பெரிய காட்டுப்பூனை இனம்) ஹாலிவுட் பெயர்ப்பலகையின் பின்னணியில் பதிவு செய்ய ஸ்டீவ் வின்டர் தானியங்கிக் கேமராவோடு ஓராண்டுக்கும் மேல் காத்திருந்தார். படம் 2013இல் வெளியானது. சாலைகளால் துண்டுபட்ட பூமாக்களுக்காக நெடுஞ்சாலையின் மேல் அமைக்கும் பாலத்துக்கான பணி தொடங்கியது 2022 ஏப்ரலில். படத்தால் மட்டும் அது நடக்கவில்லை. நடமாட்டத்தை அறியும் கழுத்துப்பட்டையைப் பூமாக்களுக்குப் பொருத்தி ஆராய்ந்த உயிரியலாளர்களும் நிதி திரட்டியவர்களும் இல்லாமல் பாலம் இல்லை. ஆனால் அந்த இயக்கத்துக்கு ஒரு முகம் கிடைத்தது அந்தப் படத்தால்.

விலங்கு தன் வேலையை நிறுத்தி உங்களைப் பார்க்கத் தொடங்கினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், அங்கிருந்து பின்வாங்குங்கள். அண்டார்க்டிகாவுக்குச் செல்லும் பயணிகளுக்கு விலங்குகளிடமிருந்து குறைந்தது 5 மீட்டர் என்ற விதி உண்டு. பல இடங்களில் இதைவிடக் கூடுதல். மனிதக் குரங்கினங்களுக்கு நம் சளிக்காய்ச்சல் தொற்றும் என்பதால், உடல்நிலை சரியில்லாத நாளில் அவற்றின் அருகே போகக் கூடாது. கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்தால் குஞ்சுகள் வெயிலுக்கும் பருந்துக்கும் இரையாகும். இரை வைத்தோ பதிவு செய்த ஒலியை எழுப்பியோ வரவழைத்த விலங்கின் படத்தைப் பாதுகாப்பு வேலையின் பெயரால் வெளியிடுவதை நான் ஏற்பதில்லை.

6. படக்குறிப்பும் கோப்பும்

படக்குறிப்பு இல்லாத படம் முடிவெடுப்பவருக்குப் பயன்படாது. "வேலியோரம் யானைகள்" என்று எழுதிவிட்டு நகராதீர்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "சில நாள் வயதுக் குட்டியுடன் யானைக் கூட்டம் ஒன்று, இரவு 11 மணிக்குப் பிறகு, தோட்டத்து மின்வேலியின் ஓரமாக வழி தேடி நிற்கிறது. வேலி அமைக்கப்படும் முன் இக்கூட்டம் இவ்வழியே ஆற்றுக்குச் சென்றதை ஆய்வுக் குழுவின் பதிவுகள் காட்டுகின்றன. காட்டு விலங்குகள். இரை வைக்கப்படவில்லை. தானியங்கிக் கேமரா, நிர்வாக அனுமதியுடன் எடுக்கப்பட்டது." எழுதியதை ஆய்வாளரிடம் காட்டி ஒப்புதல் பெறுங்கள். அன்றிரவே எழுதுங்கள்; ஒரு வாரம் கழித்து எந்த வேலி என்பது மறந்துவிடும்.

இக்குறிப்பைப் படக்கோப்புக்குள்ளேயே பதியுங்கள். அதே வேளையில் ஜிபிஎஸ் விவரத்தை வெளியே போகும் பிரதிகளிலிருந்து நீக்குங்கள். காண்டாமிருகமோ அரிய ஆமையோ இருக்கும் இடத்தை வேட்டைக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. பின்னணியில் தெரியும் மலைமுகடும் பெயர்ப்பலகையும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதையும் கவனியுங்கள். முழு விவரமுள்ள மூலக்கோப்பு உங்களிடமும் ஆய்வாளரிடமும் மட்டும் இருக்கட்டும்.

கூண்டில் வளரும் விலங்கைப் படமெடுப்பது தவறில்லை. ஜோயல் சர்டோரி 2006 முதல் உயிர்க்காட்சி சாலைகளிலும் மீட்பு மையங்களிலும் உள்ள உயிரினங்களைப் படமெடுத்து வருகிறார், அதை வெளிப்படையாகவே சொல்கிறார். மறைப்பதுதான் தவறு.

7. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் படமெடுத்த கணமே பதிப்புரிமை உங்களுடையது. ஆனால் ஒரு கையெழுத்தில் அது பறிபோகும். "எல்லா உரிமைகளும்", "என்றென்றைக்கும்", "எல்லா ஊடகங்களிலும்" என்ற சொற்கள் சேர்ந்து வந்தால் நிறுத்திப் பேசுங்கள். எந்தப் பயன்பாடு, எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், அவர்களுக்கு மட்டுமான உரிமமா பிறருக்கும் தரக்கூடிய உரிமமா என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். பாதுகாப்பு அமைப்புக்கு இலவசமாகத் தர விரும்பினாலும் எழுத்தில் உரிமம் கொடுத்தே தாருங்கள். இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் அவர்களுக்கு நன்கொடை தரும் நிறுவனத்தின் விளம்பரத்தில் உங்கள் படத்தைப் பார்க்க நேரலாம். பணம் படத்தை ஏற்றுக்கொண்டவுடன் வருமா, வெளியான பிறகா என்பதையும் கேளுங்கள். இரண்டுக்கும் இடையே ஓராண்டு போய்விடும். வேலை கைவிடப்பட்டால் தர வேண்டிய தொகையும் களச்செலவுக்கான முன்பணமும் குறிப்பிடப்படாத ஒப்பந்தத்தை நம்பிப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.

8. போட்டிகள்

பரிசு கதவைத் திறக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் விதிமுறைகளில், கலந்துகொண்ட எல்லாப் படங்களையும் நடத்துவோர் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ரா கோப்புகளை (கேமரா பதிவு செய்த, திருத்தப்படாத மூலக்கோப்புகளை), பரிசுப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றோடு, அழிக்காமல் வையுங்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் 2017இல் பரிசு பெற்ற எறும்புத்தின்னிப் படம், அதில் இருப்பது பாடம் செய்யப்பட்ட விலங்கு என்று வல்லுநர்கள் முடிவு செய்ததால் 2018இல் விலக்கப்பட்டது. படமெடுத்தவர் அதை மறுத்தார், ஆனால் அவர் தந்த முன்பின் கோப்புகள் எதிலும் எறும்புத்தின்னி இல்லை. உண்மையாக எடுத்த படத்தைக் காப்பாற்றக்கூடியதும் அந்தக் கோப்பு வரிசைதான்.

9. வெளியான பின்பு

படம் அச்சான நாளில் வேலை பாதிதான் முடிந்திருக்கும். முதல் படியில் எழுதிய முடிவெடுப்பவருக்கு, ஆய்வாளரின் இரண்டு பக்கக் குறிப்போடு பத்துக்கு மிகாத படங்களை அச்சிட்டு அனுப்புங்கள். கூட்டம் நடக்கும் தேதிக்கு மூன்று வாரம் முன்பு அது அவர் கையில் இருக்க வேண்டும். படத்தில் இடம்பெற்ற கிராமத்துக்கும் காவலர்களுக்கும் பிரதிகளைக் கொடுங்கள். அனுமதி தந்த துறைக்கு, கேட்டாலும் கேட்காவிட்டாலும், எத்தனை நாள் தங்கினீர்கள், எங்கே கேமரா கட்டினீர்கள், எல்லாவற்றையும் கழற்றிவிட்டீர்களா என்று ஓர் அறிக்கை எழுதி அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அடுத்த அனுமதி விண்ணப்பத்தில் முதல் இணைப்பாக வைக்க வேண்டியது அதுதான்.